முழு நோட்டு

தட்டை வைக்கிற சத்தத்தைக் கேட்டே வந்தது யார் என்று சொல்லிவிடுவேன், தம்பி. தலையைத் தூக்க வேண்டியதில்லை. கல்லாவுக்கு முன்னால் ஒரு கருங்கல் பலகை பதித்திருந்தார்கள். சர்வர்கள் பில் தட்டைக் கொண்டுவந்து அதன் மேல்தான் வைப்பார்கள். கண்ணாயிரம் வைத்தால் மதிலிலிருந்து பூனை இறங்கின மாதிரி இருக்கும். இறங்கியதா இல்லையா என்று சந்தேகமே வரும். சவரிமுத்து வைத்தால் ணங் என்று ஒரு சத்தம். கல்லின் மேல் எவர்சில்வர். எழுதிக்கொண்டிருக்கிற பேனா கையில் ஒரு துள்ளு துள்ளும். அந்த ஓட்டலை விட்டு வந்து எவ்வளவோ காலம் ஆயிற்று. இன்றைக்கும் வீட்டில் யாராவது தட்டை ஓங்கி வைத்தால் என் கை தானாகக் கல்லாப்பெட்டியைத் தேடிப் போகிறது.

நீங்கள் காபியைக் குடியுங்கள், உங்கள் பேருந்து வர இன்னும் நேரம் இருக்கிறது. எதிரில் உட்கார்ந்துகொண்டு ஒரு கிழவி வாய் ஓயாமல் பேசுகிறாளே என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு மீதி வந்த தட்டைப் பார்த்தேன், பேச்சு வந்துவிட்டது. ஐம்பது ரூபாய், முழு நோட்டு. எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். தப்பில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அதோ தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறாரே, உங்களுக்குப் பரிமாறினவர், அவர் இப்போது உங்களைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்க்கிறார். சோம்பு மட்டும்தான் இருக்கிறது. உங்கள் மேல் அவருக்குக் கோபம் இருக்காது. கோபம் எல்லாம் கல்லாவில் இருக்கிற ஆளின் மேல்தான். எனக்குத் தெரியும்.

மேசையில் ஏதாவது வைத்துவிட்டுப் போவது மனசைப் பொறுத்தது என்றுதான் ஊரே நினைக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். கல்லூரியில் தமிழ் படித்தவள் நான். ஈகை, கொடை என்று பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கினவள். கல்லாவில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, மனசு பாதி, நோட்டு பாதி. ஐம்பது ரூபாய் மீதி கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். ஐம்பதாகவே கொடுத்தால் கோடீஸ்வரன்கூட எடுத்துப் பையில் போட்டுக்கொள்வான். ஐந்து பத்தாகக் கொடுத்தால் நாலை எடுத்துக்கொண்டு ஒன்றை விட்டுவிட்டுப் போவான். போகும்போது தன்னைப் பற்றி அவனுக்கே ஒரு நல்ல எண்ணம் வரும். அதே ஆள், அதே சாப்பாடு, அதே சர்வர். வித்தியாசம் என் விரலில்.

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் வீட்டுக்காரர் அந்த ஓட்டலில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். திருச்சியில், சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். தேவகி லஞ்ச் ஹோம் என்று பெயர். அவர் இறந்துபோன பிறகு முதலாளி வைரக்கண்ணு அண்ணன் வீட்டுக்கு வந்து, "தங்கச்சி, நீங்க வந்து கல்லாவுல உக்காருங்க. நம்ம ஆளு இருந்தா எனக்கு நிம்மதி" என்றார். நல்ல மனுஷர். யாருக்கும் சம்பளம் பாக்கி வைத்தது கிடையாது. சம்பளம் குறைவுதான். ஆள் எடுக்கும்போதே சொல்லிவிடுவார்: "சம்பளம் இவ்வளவு. மேசையில கெடைக்கிறது தனி. நீ கெட்டிக்காரனா இருந்தா சம்பளத்தைத் தொடவே வேணாம்." அதை ஒரு வரம் கொடுக்கிற மாதிரிச் சொல்வார். கேட்கிறவர்களும் வரம் வாங்குகிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள்.

கண்ணாயிரம்தான் ஒரு நாள் காதோடு சொன்னார்: "அம்மா, சில்லறையா ஒடச்சுப் போடுங்கம்மா. உங்க கையில எங்க பொழப்பு." அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மேசையில் கிடைப்பதெல்லாம் முதலில் என் கையில் கிடைத்தாக வேண்டும்.

அதற்குப் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். எவ்வளவு அநியாயம் தெரியுமா? ஏசி ஹாலில் நிற்கிறவருக்கு மேசைக்கு மேசை கிடைக்கும். வெளி ஹாலில் நாலு பங்கு ஓடுகிறவருக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். வெளி ஹாலில் சாப்பிடுகிறவன் எழுந்து போவதற்குள் அடுத்தவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் எப்போது நின்று நிதானித்துக் காசு வைப்பது? கண்ணாயிரம் வெளி ஹால். மூன்று பெண் குழந்தைகள். சவரிமுத்து ஏசி ஹால். ஒரே மகன், அவனும் கோயம்புத்தூரில் ஏதோ பட்டறையில் வேலைக்குப் போய்விட்டான். யாராவது இதைச் சரிசெய்ய வேண்டாமா? நான் செய்தேன். வெளி ஹால் தட்டுகளுக்கெல்லாம் உடைத்த நோட்டு. சவரிமுத்துவின் தட்டுக்கு முழு நோட்டு. பொங்கல் கழிந்து ஆரம்பித்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. நியாயத்தைச் சொல்லிக்கொண்டு செய்யக்கூடாது இல்லையா?

சவரிமுத்துவைப் பிடிக்காமல் செய்தேன் என்று பிற்பாடு பேசினார்கள். அப்படி எல்லாம் இல்லை. அவரிடம் ஒரு திமிர் இருந்தது, அது உண்மை. காலையில் எல்லோரும் கல்லாவைத் தாண்டும்போது "வணக்கம்மா" என்பார்கள். நானும் வணக்கம் சொல்வேன். இவர் முதுகைக் காட்டிக்கொண்டு போய்விடுவார். "என்ன சவரிமுத்து, சௌக்கியமா?" என்று நானே கேட்டிருக்கிறேன். திரும்பினால்தானே? தட்டை வைக்கும்போது அந்த ணங். கடன்காரி வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. வாடிக்கையாளரிடம் மட்டும் எப்படி நிற்பார் தெரியுமா? குனிந்து, அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு, உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். சின்னக் குழந்தை "எனக்குப் பூரி" என்று சொன்னாலும் அதே கவனம். "அந்த உயரமானவர் இருக்காரா? அவர் மேசைக்கே போறோம்" என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டு வருவார்கள். தீபாவளிக்கு அவருக்கு இனிப்புப் பெட்டி, வேட்டி. கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவளிடம் வந்து, "பல் குத்துற குச்சி இருக்கா?" என்பார்கள். இருக்கும். எடுத்துக் கொடுப்பேன்.

வாயும் உண்டு அவருக்கு. ஒரு நாள் வெளிநாடு போய் வந்த ஒருவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஜப்பான்ல டிப்ஸ் வச்சா கோவிச்சுக்குவாங்கப்பா. அவமானம்னு நெனப்பாங்க." சவரிமுத்து அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்று முடிவில், "அப்ப அங்க சம்பளம் குடுப்பாங்க போல சார்" என்றார். ஹாலே சிரித்தது. அந்த ஆளுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் போகும்போது இருபது ரூபாய் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அவருக்குச் சில்லறை கொடுத்தது நான் இல்லை, அண்ணன்தான் கொஞ்ச நேரம் கல்லாவில் இருந்தார்.

காது விஷயத்தை எனக்குச் சொன்னது பவுனம்மாள். மேசை துடைக்கிறவள். பின்கட்டில் இலை எடுத்துப் போட்டுவிட்டு வந்து, கல்லாவுக்குக் கீழே படியில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொள்வாள். மாசி மாசம் என்று ஞாபகம்.

"சவரியண்ணனுக்குக் காது போயிட்டு வருதும்மா" என்றாள்.

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? பின்னாடி நின்னு கூப்பிட்டுப் பாருங்க. வாயைப் பாத்துத்தான் வண்டி ஓட்டுறாரு. பெரியாஸ்பத்திரிக்குப் போனாராம். அவங்க குடுக்குற மிஷினு சட்டைப் பையில டப்பா, அதுலேருந்து காதுக்கு வயரு. அதை மாட்டிக்கிட்டு ஏசி ஹாலுல நிக்க முடியுமா? காதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிற மாதிரிச் சின்னதா ஒண்ணு இருக்காம். வெளியில காசு குடுத்து வாங்கணும். அதுக்குத்தான் சேக்குறாரு. மொதலாளிக்குத் தெரியறதுக்குள்ள வாங்கிப்புடணும்னு பறக்குறாரு."

அண்ணனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவள் சொல்லவில்லை, எனக்கும் சொல்லத் தேவையில்லை. நான் வருவதற்கு முன்னால் ராஜகோபால் என்று ஒரு சர்வர் இருந்தாராம். கண்ணில் புரை விழுந்து, சாம்பாரை ஒரு வக்கீலின் மடியில் ஊற்றிவிட்டார். அன்றைக்குச் சாயந்திரமே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார் அண்ணன். கோபமாக எல்லாம் இல்லை. தோளில் கைபோட்டுப் படி வரைக்கும் வந்து அனுப்பினாராம்.

எனக்குப் பாவமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். அன்று முழுவதும் மனசே சரியில்லை. ஆனால் பாவம் வேறு, நியாயம் வேறு, தம்பி. ஒருவருக்குக் காது என்றால் இன்னொருவருக்கு மூன்று பெண்கள். எதை எதோடு நிறுப்பது? இன்றைக்குக் காதுக்காக மாற்றினால் நாளைக்கு ஒருவர் முழங்காலைக் காட்டுவார். அதுவும் இல்லாமல், அவரே வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? "அம்மா, இந்த மாதிரி" என்று. சொன்னால் நான் மாட்டேன் என்றா சொல்லப்போகிறேன்? துடைப்பவளுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியக் கூடாதா? சொல்வார் என்று பார்த்தேன். ஒவ்வொரு நாளும் பார்த்தேன். ணங் என்று தட்டை வைப்பார், பில்லைப் பார்ப்பார், மீதியைப் பார்ப்பார், போய்விடுவார். நானும் முழு நோட்டாகவே போட்டேன்.

பவுனம்மாளிடம் ஒரு நாள் சொன்னேன், நான் செய்வது என்ன, ஏன் என்று. அவள் ஒருத்தியிடம்தான் சொன்னது. காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"வெளி ஹாலுக்கும் ஏசி ஹாலுக்கும் நீங்க நியாயம் பண்ணிட்டீங்க, சரி. எனக்குத் தட்டே வராதேம்மா. எனக்கு எப்படிப் பண்ணுவீங்க?"

"அது அண்ணன் பார்க்க வேண்டியது, பவுனம்மா."

"அப்ப மத்ததும் அவரு பாக்க வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். படிக்காதவள். சில விஷயம் அவர்களுக்குப் பிடிபடாது.

பங்குனியில் தப்புகள் வர ஆரம்பித்தன. ஏசி ஹாலில் புதிதாக ஒரு பெரிய குளிர்சாதனம் மாட்டினார்கள், அது போடுகிற இரைச்சலில் எனக்கே பேச்சு சரியாக விழாது. ஒரு பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ சொன்னார், இவர் வேறு எதையோ கொண்டுவந்தார். ஒரு மேசைக்கு இரண்டு தடவை ஒரே பண்டம் போனது. ஒரு அம்மா கை தட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், இவர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசைக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பினார். திரும்பினபோது அந்த முகத்தைப் பார்த்தேன். வேர்த்திருந்தது. ஏசி ஹாலில் யாருக்கும் வேர்க்காது.

அப்போதெல்லாம் மேசைகளுக்கு நடுவில் நிற்கிற இடத்தை மாற்றிக்கொண்டார். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, எல்லா மேசையும் கண்ணில் படுகிற மாதிரி நின்றுகொள்வார். கண் ஓடிக்கொண்டே இருக்கும். யாராவது வாயைத் திறந்தால் போதும், அங்கே போய் நிற்பார். கொட்டாவி விட்டவரிடம்கூடப் போய் நின்றிருக்கிறார். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் ஒரு நாள் கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"தங்கச்சி, சவரிமுத்து இப்பல்லாம் ஒரு மாதிரியா இருக்கானே. கவனிச்சீங்களா?"

பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கே அவர் பிழைப்புப் போய்விடும். இரண்டும் இல்லாமல், "கொஞ்சம் கவனம் குறைவா இருக்கார் அண்ணே" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். காதைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த மனுஷருக்காக நான் மறைத்தது யாருக்குத் தெரியும்?

"ம்" என்றார் அண்ணன். "கொஞ்சம் பாத்துக்கிறேன்." அதற்குப் பிறகு அவர் அடிக்கடி ஏசி ஹால் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்.

பவுனம்மாள் மறுபடியும் வந்து சொன்னாள்: "மிஷினுக்குப் பாதிக்கு மேல சேத்துட்டாராம். கடைக்காரன் மீதியைச் சித்திரைக்குள்ள தவணையாக் கட்டிட்டு மிஷினை எடுத்துக்கச் சொல்லிட்டானாம். சித்திரை பொறந்தா கல்யாணக் கூட்டம் வரும்ல, அதுல முடிச்சிருவேங்குறாரு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். என் கையையும் பார்த்தாள்.

சித்திரை பிறந்தது. முகூர்த்த நாள். துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம், பட்டு வேட்டியும் பூவுமாக ஏசி ஹால் நிறைந்துவிட்டது. சவரிமுத்து ஒருவராகவே பார்த்தார். ஒரு தப்பு இல்லை அன்றைக்கு. பறந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா பில்லுக்கு நோட்டுகளை எண்ணித் தட்டில் வைத்தார். தட்டு கல்லாவுக்கு வந்தது. ணங்.

நூற்றைம்பது ரூபாய் மீதி. ஒரு நூறு, ஒரு ஐம்பது எடுத்து வைத்தேன்.

அவர் தட்டை எடுக்கவில்லை.

"அம்மா, பத்தாக் குடுங்க."

"பத்து இல்லை."

கல்லாப்பெட்டி திறந்துதான் இருந்தது. பத்து ரூபாய் நோட்டுகள் ரப்பர் போட்டுக் கட்டாக இருந்தன. காலையில்தான் பேங்க்கிலிருந்து வாங்கிவந்தது. அவர் பெட்டியைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார்.

"இருக்கே."

"அது வெளி ஹாலுக்கு."

சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. ஆனால் அது உண்மை.

"பொங்கல்லேருந்து பாக்குறேன்" என்றார். "கண்ணாயிரம் தட்டுல பத்து பத்தா வருது. என் தட்டுல அம்பது, நூறு. நான் ஒண்ணும் கேக்கல. ஏதோ மறதின்னு நெனச்சேன். மறதி இல்லம்மா இது. நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?"

கத்தினார், தம்பி. வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு யோசித்தபோது, தன் குரலின் அளவு அவருக்குத் தெரிந்திருக்காது என்று தோன்றியது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு எப்படித் தெரியும்? ஒரு பொம்பளையை, புருஷன் இல்லாதவளை, நாலு பேர் பார்க்க ஒரு ஆள் கேள்வி கேட்கிறார்.

"மெதுவாப் பேசுங்க" என்றேன்.

"சம்பளம் அவரு குடுக்குறாரு. மேசையில இருக்கிறதைச் சாப்பிட வர்றவங்க குடுக்குறாங்க. நடுவுல நீங்க யாரும்மா?"

என்ன கேள்வி பாருங்கள். நான் யாராம்.

அப்போது பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு அண்ணன் வந்தார். சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். சவரிமுத்துவின் முதுகுக்குப் பின்னால் ஒரு பத்தடியில் நின்றார்.

"சவரிமுத்து" என்றார்.

சவரிமுத்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டேய் சவரிமுத்து."

ஹாலில் பேச்சு நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா பல்லில் குச்சியோடு அப்படியே நின்றார். கண்ணாயிரம் ஒரு கையில் இலைக்கட்டோடு நின்றார். பவுனம்மாள் துடைத்துக்கொண்டிருந்த துணியை மேசையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். என்னை மட்டும் பார்த்தாள். தலையை இப்படி ஒரு ஆட்டு ஆட்டினாள், பின்னால், பின்னால் என்கிற மாதிரி. அவள் நின்ற இடம் சவரிமுத்துவின் கண்ணுக்குப் படாது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தை. என் கண் கொஞ்சம் அந்தப் பக்கம் போயிருந்தால் அவர் திரும்பியிருப்பார். முகத்தைப் படிப்பதில் அவர் அப்படி.

நான் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து ரூபாய்க் கட்டிலிருந்த ரப்பரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கல்லாவில் இருக்கிறவள் கல்லாவைத்தான் பார்க்க வேண்டும். கூட்டமும் கூச்சலுமாக இருக்கிறபோது பெட்டியைத் திறந்துபோட்டுவிட்டு வேறு எங்கேயாவது பார்த்தால் என்ன ஆகும்? என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வார் அதை.

அண்ணன் இன்னொரு தரம் கூப்பிட்டார். இந்தத் தடவை மெதுவாக, கிட்டத்தட்ட தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு கூப்பிடவில்லை. முன்னால் வந்து, சவரிமுத்துவின் தோளில் கையை வைத்தார். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது, திரும்பினார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் உதட்டை அசைத்து அசைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிக் கேட்டார்: "எத்தன நாளா?"

சவரிமுத்து கல்லாப் பக்கம் திரும்பினார். கல் மேல் இருந்த தட்டை எடுத்துக்கொண்டுபோய் அந்தப் பெரியப்பாவிடம் நீட்டினார். அவர் நூறையும் ஐம்பதையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு சோம்பை ஒரு பிடி அள்ளிக்கொண்டார்.

அண்ணன் சவரிமுத்துவை அனுப்பிவிடவில்லை. அதைச் சொல்ல வேண்டும். "உள்ள பாத்திரம் கழுவுற எடத்துல நில்லுப்பா. அங்க காது வேணாம். சம்பளம் அதே சம்பளம்" என்றார். அதே சம்பளம்தான், சத்தியமாக. ஆனால் அங்கே தட்டு வராது. தவணைக்காரன் கொடுத்த கெடு போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். ஆடி மாசம் வரைக்கும் நின்று பார்த்தார். பிறகு ஒரு நாள் வரவில்லை.

ஏசி ஹாலைக் கண்ணாயிரத்துக்குக் கொடுத்தார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவருக்கு ஏசி ஹாலும் கிடைத்தது, என் உடைத்த நோட்டும் கிடைத்தது. நான் உடனே நிறுத்தியிருக்க வேண்டும், நியாயப்படி பார்த்தால். அவர் வந்து, "அம்மா கை ராசியான கை" என்பார், நானும் உடைத்தே போடுவேன். ஐப்பசியில் தில்லைநகர்ப் பக்கம் ஒரு பெரிய ஓட்டலுக்கு வேலைக்குப் போய்விட்டார். சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. நான்தான் அவருக்கு மூன்று பெண்கள், மூன்று பெண்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் குறை என்னவென்றால், தம்பி, இதுதான். முட்டி வலி வந்து நான் வேலையை விட்டபோது, அந்த ஓட்டலில் ஒருவர் எழுந்து வாசல் வரைக்கும் வரவில்லை. அண்ணன் ஒரு புடவை கொடுத்தார், அது வேறு. சர்வர்கள், சமையல்காரர்கள் யாராவது விட்டுப் போனால் எல்லோரும் சேர்ந்து காசு போட்டு ஒரு மாலை, ஒரு ஸ்வீட் பாக்ஸ் வாங்குவார்கள். சின்ன வழக்கம். எனக்கு அது நடக்கவில்லை. யாருக்கு எவ்வளவு கிடைக்க வேண்டும் என்று அத்தனை வருஷம் என் தலைக்குள் நிறுத்து நிறுத்துப் போட்டவள் நான். எனக்காக ஒரு ரூபாய் எடுத்துவைத்ததில்லை, நீங்கள் நம்ப வேண்டும். கல்லாக்காரிக்கு யார் டிப்ஸ் வைப்பார்கள்? பவுனம்மாளிடம், "போயிட்டு வரேன்" என்றேன். "சரிங்க" என்றாள். மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

உங்கள் பேருந்து வந்துவிட்டது போலிருக்கிறது. பெரம்பலூர்தானே? போர்டு சரியாகத் தெரியவில்லை. இருங்கள், ஒரு நிமிஷம், முடித்துவிடுகிறேன். அந்த ஐம்பதை மாற்றிக் கொடுக்கச் சொல்லட்டுமா என்று கேட்க நினைத்தேன். வேண்டாம், உங்கள் இஷ்டம். எல்லாவற்றிலும் நான் தலையிடுகிறேன் என்று என் மகளும் சொல்கிறாள்.

போன வருஷம் பவுனம்மாளின் மகளை மலைக்கோட்டைக் கடைவீதியில் பார்த்தேன். அவள்தான் சொன்னாள். சவரிமுத்து லால்குடிக்குப் பக்கத்தில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தைக்கிறார். ஆலை ஓடுகிற சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை, கையைக் காட்டித்தான் வேலை வாங்குகிறார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. அதற்கு மேல் யாரும் எதுவும் வைப்பதில்லை.